பல்பொடி வில்லன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக எண்ணுவேன். எங்கள் வீட்டு முன் அறையில் சுவரோடு பதித்த கண்ணாடி அலமாரி ஒன்று இருக்கிறது. அதன் நடுத்தட்டில் நிற்பவர்களை இடமிருந்து வலமாக எண்ண வேண்டும். ராஜா, ராணி, மந்திரி, கதாநாயகன், கதாநாயகி, தோழி, கோமாளி, ஈட்டிக்காரன், முரசு அடிப்பவன், புலி, குதிரை. பதினொன்று. பிறகு வலமிருந்து இடமாக ஒருமுறை. அப்போதும் பதினொன்றுதான் வரும். குறைந்தால் கவலைப்பட வேண்டும். குறையாவிட்டாலும் நான் கவலைப்படுகிறேன், ஏனென்றால் வரவேண்டிய கணக்கு பன்னிரண்டு.

எல்லாம் விரல் நீளப் பிளாஸ்டிக் பொம்மைகள். போனில் பொம்மை சேர்ப்பவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில் இருக்கும் இளைஞர்கள் இவற்றை ஆக்‌ஷன் ஃபிகர் என்று எழுதுகிறார்கள். கை காலை அசைக்க முடியாத, நின்றால் நின்றபடியே இருக்கிற இவர்களிடம் ஆக்‌ஷன் எதுவும் கிடையாது. நாங்கள் பல்பொடி பொம்மை என்றுதான் சொல்வோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது செஞ்சி டென்ட் கொட்டகைக்கு ஒரு ராஜா ராணிப் படம் வந்தது. பாதி நேரம் கத்திச் சண்டை, மீதி நேரம் கத்தியைத் தேடுவது. அதே சமயத்தில் ஒரு பல்பொடிக்காரன் அந்தப் படத்தில் வருகிறவர்களைப் பொம்மைகளாக வார்த்து, டப்பாவுக்கு ஒன்றாக ரோஸ் நிறப் பொடிக்குள் புதைத்து விற்றான். மொத்தம் பன்னிரண்டு பேர். டப்பாவின் பின்பக்கம் பன்னிரண்டு பேரின் படமும் போட்டிருக்கும். எந்த டப்பாவுக்குள் யார் என்பது திறந்து கொட்டினால்தான் தெரியும்.

அதுவரை எங்கள் தெருவில் பல் விளக்க வேப்பங்குச்சி, அது கிடைக்காத நாளில் சாம்பல். டப்பா வந்த பிறகு எங்கள் பற்களுக்கு நல்ல காலம் பிறந்தது. காலையில் விளக்கினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து விளக்கினோம். படுக்கப் போகுமுன் யாரும் சொல்லாமலே விளக்கினோம். பழைய டப்பா தீர்ந்தால்தான் வீட்டில் புதிய டப்பா வாங்குவார்கள். எவ்வளவு விளக்கியும் தீராமல் போகவே, பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்கும் விளக்கிவிட்டோம். அது பொடியை நக்கித் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று பள்ளிக்கூட வாசல்வரை பின்னாலேயே வந்தது.

நைனாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இன்னாடா, எந்நேரமும் வாயில வெரல வச்சிகினு நிக்கிற? பல்லு தேஞ்சிபூடப் போவுது.”

“வாத்தியாரு சுத்தமா இருக்கச் சொன்னாரு நைனா.”

“அப்ப கால ஏன் கழுவல?”

காலுக்குப் பொம்மை வைத்த சோப்பு யாரும் விற்கவில்லை.

கடையில் டப்பாவைத் தேர்ந்தெடுப்பது தனி வித்தை. காதருகே வைத்துக் குலுக்க வேண்டும். குதிரை கனமானது, தொப்பென்று விழும். ராணிக்குக் கிரீடம் உண்டு, தகரத்தில் உரசிக் கீச்சென்று கேட்கும். நாங்கள் நாலைந்து பேர் வரிசையாக நின்று குலுக்குவதைப் பார்த்தால் கடைக்கார மாமாவுக்கு வயிற்றெரிச்சல்.

“டப்பாவக் குலுக்காதீங்கடா. உள்ள தூளாப் பூடும்.”

“இப்பவே தூளுதான மாமா?”

“வாய் பேசுறதுக்குத்தான் பல்ல இந்தத் தேய் தேய்க்கிறீங்களா? வாங்குறதுன்னா வாங்கு, இல்லன்னா டப்பாவ வச்சிட்டுக் கெளம்பு.”

இவ்வளவு குலுக்கியும் சிலருக்கு வில்லன்தான் வந்தான். படத்தில் அவன் தளபதி. ராஜாவைச் சிறையில் போட்டவன், கதாநாயகியின் கையைப் பிடித்தவன், சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பவன். பொம்மையிலும் அப்படியே. முறுக்கிய மீசை, பிதுங்கிய கண், ஓங்கிய கத்தி, கரும்பழுப்பு நிறம். டப்பாவைக் கொட்டி அவனைக் கண்ட பையன் முகம் செத்துப்போகும். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காது. கோமாளிக்குக்கூட யாராவது புலியைக் கொடுப்பார்கள். வில்லனுக்கு உடைந்த பம்பரம்கூடத் தரமாட்டார்கள்.

படத்தின் கடைசியில் கதாநாயகன் அவனைக் கோட்டை உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். மற்ற ஊர்ப் பையன்கள் அந்தக் காட்சியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்களிடம் கோட்டை இருந்தது.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில், ஏறக்குறைய மேலே போனதும், பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் ஒன்று வரும். அதைக் கடக்கச் சின்னப் பாலம். அதுதான் எங்கள் கொலைக்களம். யாருக்கு வில்லன் வந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கால்சட்டைப் பையில் போட்டு மேலே கொண்டுபோவோம். பாலத்துக் கல்லில் நிறுத்தி விசாரணை நடக்கும். கூட்டத்தில் உயரமானவன் ராஜா. வில்லனுக்குச் சொந்தக்காரன் வில்லனுக்காகப் பேச வேண்டும்.

“உன் கடைசி ஆசை இன்னா?”

“எங்க அம்மாவப் பாக்கணும்.”

“உங்க அம்மா எங்க?”

“தெரியல. படத்துல காட்டல.”

“படத்துல காட்டாத அம்மாவ எப்டிடா கூட்டாறது? தள்ளுங்கடா.”

எண்ணுவது என் பொறுப்பு. அப்போதே என்னை அதற்குத்தான் வைத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பேன். மூன்றில் தள்ளுவார்கள். பாறையில் பட்டுப் பட்டுப் போகும் சத்தம் கேட்கும், பிறகு கேட்காது. இப்படி ஒன்பது வில்லன்கள். செஞ்சிக் கடைகளுக்கு வந்ததே ஒன்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு படம் போனது, பல்பொடி போனது, நாங்களும் அவரவர் வேலைக்குப் போனோம்.

நான் போன வேலை, பஸ் பணிமனை ஒன்றில் உதிரி பாகக் கிடங்கு. நட்டு, போல்ட்டு, பிரேக் லைனிங், வைப்பர் பிளேடு. எல்லாவற்றையும் எண்ணி உள்ளே வாங்கி, எண்ணி வெளியே அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் கை அரித்தது. ஜன்னல் கம்பியை எண்ணினேன். இட்லியை எண்ணினேன். என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, “எதையாவது எண்ணித் தொலைக்கிறதுன்னா என் சமையக்கட்டுக்கு வெளிய எண்ணுங்க” என்றாள். அன்று பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது அடியில் மந்திரியும் முரசு அடிப்பவனும் கிடந்தார்கள். இரண்டு பேர் கிடைத்தால் மீதிப் பத்துப் பேரைத் தேடாமல் எப்படி இருப்பது?

தேடினேன். பழைய இரும்புக் கடைகளில் சிலர் கிடைத்தார்கள். ராஜா, இடிக்கப்போகும் ஒரு வீட்டின் மாடப்பிறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றார். கோமாளி பனமலையில் ஒரு வீட்டுத் தொட்டிலுக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தார். தொட்டிலில் இருந்த குழந்தைக்குப் புதுக் கிலுகிலுப்பை வாங்கிக் கொடுத்து அவரை மீட்டு வந்தேன். குதிரை கடைசியாக வந்தது. வெள்ளைக் குதிரை, முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும். மெல்லிய கால்கள் என்பதால் முழுதாக இருக்கும் குதிரையைப் பார்ப்பதே அரிது. என்னுடையது முழுசு. கதாநாயகி மட்டும் இரண்டாகச் சேர்ந்துவிட்டாள்; கூடுதலானவளைக் கீழ்த்தட்டில் நிறுத்தினேன்.

வில்லன் எங்கும் இல்லை. போன் குழுவில் கேட்டால், உங்கள் ஊரில்தான் கிடைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் ஒன்பது பேரும் எங்கே போனார்கள் என்பது எனக்குத் தெரியும். எண்ணி அனுப்பியவனே நான்தான். சரி, பிளாஸ்டிக் மக்காது என்று எல்லோரும் சொல்கிறார்களே, போய்ப் பார்ப்போம் என்று இந்த வயதில் மறுபடி ராஜகிரி ஏறினேன். பாலத்தில் படுத்துப் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் பாட்டில்கள் தெரிந்தன. ஒற்றைச் செருப்பு தெரிந்தது. நான் குனிந்திருந்த நேரத்தில் ஒரு குரங்கு என் பையிலிருந்த சாத்துக்குடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத் துரத்திக்கொண்டு இறங்கியதில் இடது முட்டி பிசகியது.

முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடக்காதே என்றார். மனைவி டாக்டரை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. சிங்கவரம் போகும் வழியில், நெல் வயல்களின் ஓரமாக ஐயனார் கோயில் இருக்கிறது. ஆள் உயர மண் குதிரைகள் நிற்கும். இங்கே ஒரு வழக்கம். உடம்புக்கு ஏதாவது வந்தால் ஐயனாரிடம் வேண்டிக்கொள்வார்கள். சரியானதும் மண்ணால் செய்த உருவம் ஒன்றைக் குயவரிடம் சொல்லிச் செய்து வாங்கிப் போய் வைப்பார்கள். குழந்தை பிழைத்தால் குழந்தை பொம்மை, மாடு பிழைத்தால் மாட்டுப் பொம்மை, பெரியவர்களுக்கு ஐயனாரின் காவல் வீரன் பொம்மை. என் இடது முட்டிக்காக அவள் ஒரு வீரன் பொம்மை வேண்டிக்கொண்டாள். எனக்கு அது அப்போது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

நான் முட்டியைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தபோது, பணிமனைப் பழக்கத்தில் ஒருவர் பார்க்க வந்தார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊர் அவலூர்பேட்டை. அலமாரியைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், ஒரு ஆளு கொறையுதே, அந்த முட்டைக்கண்ணன எங்க?” என்றார்.

“அவன்தான் கெடைக்கல.”

“எங்கூட்டுல இருக்குறானே. எங்க நைனா மளிகைக் கடையில காயிதம் பறக்காம இருக்க அவனத்தான் மேல வச்சிருப்பாரு.”

என் முட்டி வலி ஒரு கணம் நின்றுபோனது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவலூர்பேட்டையில் கோட்டை இல்லை. மலை இருக்கிறது, ஆனால் அது முருகன் மலை. சாமி மலையிலிருந்து யாரையும் தள்ளிவிட முடியாது. அதனால் அங்கே வில்லன்கள் பிழைத்தார்கள்.

“எனக்குக் குடுத்துடுங்க. பதிலுக்கு இன்னா வேணுமோ கேளுங்க.”

அவர் அலமாரியை நிதானமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தப் பொண்ணு ரெண்டு பேரு இருக்குறாங்களே” என்றார். படம் வந்தபோது அவருக்கும் பத்து வயதுதான். அவலூர்பேட்டையிலிருந்து மாட்டு வண்டியில் வந்து அந்தக் கதாநாயகிக்காக இரண்டு முறை படம் பார்த்தவராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் வாழைப்பழச் சீப்போடு வந்தார். சீப்பில் பழம் பதினான்கு. என் மனைவி பஜ்ஜி போட்டாள். நான் இரண்டாவது கதாநாயகியைக் கழுவித் துடைத்து ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூக்கு கொஞ்சம் தேஞ்சிருக்குதே சார்.”

“அறுபது வருசமாச்சி. உங்க மூக்கு எப்டி இருக்குதுன்னு கண்ணாடியில பாத்தீங்களா?”

சமையல்கட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “பொண்ணுக்குப் பாடத் தெரியுமான்னு கேட்டுக்கச் சொல்லுங்க. அப்பறம் ஏமாத்திட்டோம்னு சொல்லக் கூடாது.”

“வாயத் தொறக்காம இருந்தா அதுவே பெரிய கொணம் தங்கச்சி” என்றார் அவர். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டாம் முறை பஜ்ஜி வரவில்லை. ஆனால் சம்பந்தம் முடிந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து வில்லனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

அன்று மாலை நடுத்தட்டில் பன்னிரண்டு பேர் நின்றார்கள். இடமிருந்து வலமாக எண்ணினேன், வலமிருந்து இடமாக எண்ணினேன். மனைவி வந்து பார்த்து, “இந்த மூஞ்சிக்கா இவ்ளோ அலஞ்சீங்க” என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க நான் யாரையும் திட்டவில்லை என்று அவளே பிறகு சொன்னாள். முட்டி வீக்கமும் வற்றியது. தெருமுனைவரை நடந்தேன், பிறகு கடைத்தெருவரை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலை எண்ணினால் பதினொன்று. மறுபடி எண்ணினேன். அலமாரிக்கு அடியில் குனிந்து தேடினேன். தட்டை இழுத்துப் பார்த்தேன். புலிக்கும் குதிரைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அந்தத் தளபதி எங்க?”

“யாரு?”

“முட்டைக்கண்ணன்.”

“ஓ, அவரா. நேத்து சாயங்காலமே ஐயனாரப்பனுக்கு வச்சிட்டேன்.”

அரிசியைப் பார்த்தபடியே அவள் சொன்ன விவரம் இது. முட்டி சரியாகிவிட்டது. குயவரிடம் போனால், ஏரி நிரம்பியிருக்கிறது, மண் எடுக்க முடியாது, சூளையும் நனைந்து கிடக்கிறது, தைக்குப் பிறகு வா என்றார். சாமி கடனைத் தைவரை வைத்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேண்டிக்கொண்டது ஒரு வீரன். வீட்டில் ஒரு வீரன் இருந்தான்.

“வீட்டுல பன்னெண்டு பேரு இருக்காங்களே, வேற யாரும் கெடைக்கலயா ஒனக்கு? அவன் வில்லன்.”

“எனக்கு இன்னா தெரியும்? அந்தப் படத்த நான் பாத்தனா? பெரிய மீச, முட்டக் கண்ணு, கையில கத்தி. அசலு ஐயனாரு காவக்காரன் கணக்கா இருந்தாரு. அந்தக் கதாநாயகன வச்சா நல்லாவா இருக்கும்? மொழுமொழுன்னு, பவுடர் போட்ட மாதிரி.”

சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் என் ஆத்திரத்தைக் கூட்டியது. கதாநாயகனைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு சிங்கவரம் பஸ் ஏறினேன்.

கோயிலில் பூசாரி இருந்தார். வெள்ளிக்கிழமை மட்டும் பூசாரி, மற்ற நாளில் பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ஆள் உயர மண் குதிரையின் காலடியில், செங்கல் மேல் விரல் நீளத்துக்கு நின்றான் என் வில்லன். நெற்றியில் குங்குமம். இடுப்பில் மஞ்சள் துணிக் கிழிசல். பக்கத்தில் யாரோ ஒரு சுருட்டு வைத்திருந்தார்கள். சுருட்டு அவனைவிட நீளம்.

“இத எடுத்துக்கறேன்” என்று குனிந்தேன்.

“இருங்க சார், இருங்க. சாமிக்கு வச்சது. தொடாதீங்க.”

“இது சாமி பொம்ம இல்லய்யா. சினிமா பொம்ம. அதுலயும் வில்லன். ராஜாவயே ஜெயில்ல போட்டவன்.”

பூசாரி குனிந்து அவனைப் பார்த்தார். “சினிமாவுல எப்டியோ சார். இங்க வந்து யாரு வம்புக்கும் போவல. காலையிலயே ஒரு அம்மா எலுமிச்சம்பழம் வச்சிட்டுப் போச்சி.”

“பதிலுக்கு இவர வச்சிடலாம். இவருதான் கதாநாயகன். ரொம்ப நல்லவரு.” துணியைப் பிரித்துக் காட்டினேன்.

“மீசையே காணமே. வயக்காட்டு ராத்திரிக் காவலுக்கு இவரு எப்டி நிப்பாரு? நரி வந்தா பாட்டு பாடுவாரா?”

நான் கதாநாயகனை மறுபடி துணியில் சுற்றுவதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். “பாருங்க சார், எதுக்கு வச்சாங்க? காலு சரியானதுக்கு. காலு சரியாவலன்னா சாமிக்கு வைக்கவேண்டியதே இல்ல. அப்ப வச்சது தப்பா வச்சதுதான். வூட்டம்மாவே வந்து சொல்லிட்டு எடுத்துகிட்டாங்கன்னா நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். உங்களுக்குத்தான் காலு நல்லாயிட்சே” என்று சிரித்தார்.

பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்தக் கடைசி வாக்கியத்தையே யோசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுத் தெரு திரும்பியதும் நொண்ட ஆரம்பித்தேன்.

நொண்டுவது சுலபம் என்று யாராவது நினைத்தால் செய்து பார்க்கட்டும். முதல் நாள் நன்றாக வந்தது. இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி நல்லெண்ணெயைக் காய்ச்சி வந்து முட்டியில் தேய்த்தாள். தேய்த்தாள் என்று எழுதுகிறேன். அவள் தேய்த்த விதத்தில் உண்மையிலேயே வலி வந்தது. டீக்கடைக்குப் போவதை நிறுத்தினாள். உருளைக்கிழங்கு வாயு என்று நிறுத்தினாள். வாழைக்காய், மொச்சை, கடலைப்பருப்பு. ஒவ்வொன்றாக நான்கு ஐட்டம் என் தட்டிலிருந்து போயின. நான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, ஒருநாள் நல்ல நேரம் பார்த்துப் பேச்சை எடுத்தேன்.

“பாத்தியா, வேண்டுதலு பலிக்கல. கால் வலி திரும்பிடுச்சி. அவசரப்பட்டு வச்சிட்ட. போயி சொல்லிட்டு எடுத்துகினு வந்துடு. தை பொறந்து உண்மையா சரியானதும் மண் பொம்மையா வச்சிக்கலாம்.”

அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் காலுங்க வலிக்குது?”

“இதுதான்” என்று வலது முட்டியைத் தொட்டுக் காட்டினேன்.

“எடது காலு?”

“அதுக்கு ஒண்ணும் இல்ல, அது நல்லாதான்...”

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்க எண்ணியவன். மனிதனுக்கு இருப்பது இரண்டே கால்கள். அதில் எது என்பதைக் கோட்டை விட்டிருக்கிறேன். அன்று தெரு திரும்பியபோது முதலில் எந்தக் கால் வந்ததோ, அதையே இத்தனை நாளாக நொண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“நான் வேண்டிகிட்டது எடது காலுக்கு” என்றாள். “அது சரியாயிட்சின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அந்தக் கடன் முடிஞ்சிபோச்சி. வலது காலு புதுசு.”

“புதுசுன்னா?”

“போன வெள்ளிக்கெழமையே அதுக்குத் தனியா வேண்டிகினு வந்துட்டேன். வலது காலு சரியான அன்னிக்கே குதிரைய எடுத்தாந்து வச்சிடறேன்னு.”

“எந்தக் குதிர?”

“அந்த வெள்ளக் குதிரதான். அவரு பாவம் வெய்யில்ல தனியா நிக்கிறாரு. ஏறிப் போவ ஒண்ணு வேணாமா?”

அவள் முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லாதபோதுதான் நான் பயப்படுவேன்.

அவலூர்பேட்டைக்குப் போன் போட்டேன். கண்டக்டர் முதலில் நன்றாகச் சிரித்து முடித்தார். பின்னால் அவர் மனைவி என்னவென்று கேட்பதும், இவர் ஒன்றுமில்லை என்பதும் கேட்டது.

“சார், ரெண்டே வழிதான் இருக்குது” என்றார். “ஒண்ணு, உங்க காலு சரியாவக் கூடாது. இல்லன்னா குதிரைக்குக் காலு ஒடியணும். ஒடஞ்சத சாமிக்கு வைக்கமாட்டாங்க.”

“ஒடஞ்சிட்டா எனக்கும் அது எதுக்கு?”

“அலமாரியிலயாவது நிக்கும் இல்ல? சின்னதா ஒரு காலு. குளம்பு மட்டும்கூடப் போதும்.”

போனை வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குதிரையை எடுத்து முன்னங்காலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்தேன். தீக்குச்சி கனம்தான் இருக்கும். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். பாலத்தில் நின்று எத்தனையோ முறை சுலபமாகச் சொன்ன மூன்று அன்று வரவே இல்லை. துடைத்து, புலிக்குப் பக்கத்திலேயே திரும்ப வைத்தேன். ஒடிந்த குதிரையை எண்ணிக்கையில் சேர்க்கலாமா கூடாதா என்று மிச்ச ஆயுள் முழுக்க என்னோடு நானே சண்டை போட வேண்டியிருக்கும். கிடங்கில் ஒடிந்த சாமானுக்குத் தனி மூலை. அது இருப்பில் வராது.

ஆக, முதல் வழிதான்.

இப்போது நான் வலது காலை நொண்டுகிறேன். சரியான காலைத்தான் நொண்டுகிறோமா என்று தினமும் எழுந்ததும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் இருவரும் சிங்கவரம் பஸ் ஏறி ஐயனார் கோயிலுக்குப் போகிறோம். அவள் முன்னால் விறுவிறுவென்று வரப்பில் நடப்பாள், நான் பின்னால் நொண்டிக்கொண்டு போவேன். பூசாரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “காலு எப்டி சார்?” என்று விசாரிப்பார். அவர் கண் மட்டும் வேறெங்கோ பார்க்கும். வில்லன் நன்றாக இருக்கிறான். மழையில் சாயம் போகவில்லை. அவன்மேல் யாரோ சின்னப் பூச்சரம் போட்டிருக்கிறார்கள், அது காலிலிருந்து தலைவரை மூன்று சுற்று வருகிறது. தலையைச் சாய்த்து அதே சிரிப்புச் சிரிக்கிறான். அவனோடு படத்தில் இருந்த கதாநாயகனை எண்ணெய் போட்டுத் துடைக்க நான் ஒருவன்தான் இருக்கிறேன். இவனுக்கு எலுமிச்சம்பழம் வருகிறது.

போன வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பஸ் புறப்படுவது தெரிந்தது. “வெரசா வாங்க, வெரசா வாங்க” என்று அவள் கத்திக்கொண்டே ஓடினாள். நானும் ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் எப்படி ஓடினேன் என்பது நினைவுக்கு வந்தது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வயலில் வேர்க்கடலை நன்றாக வந்திருக்கிறது என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் பதறிப்போய் எழுந்து எண்ணினேன். பதினொன்றும் இருந்தன. ஆனால் அலமாரிச் சாவியில் ஒரு துணி தொங்கியது. சிவப்பு ரவிக்கைத் துணியில் வெட்டி, ஓரம் மடித்து, மஞ்சள் நூலில் கரை வைத்துத் தைத்த சின்னத் துண்டு. அகலம் இரண்டு விரல்கூட இல்லை. எடுத்துக் குதிரையின் முதுகில் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. சேணத் துணி. பழையபடி சாவியிலேயே மாட்டினேன்.

“இது எப்பத் தச்ச?” என்றேன்.

“சும்மா இருக்கட்டுமேன்னு தச்சேன். கால் சரியானதும் தேடிகினு இருக்க முடியாது பாருங்க” என்றாள், காபியை நீட்டிக்கொண்டே.

அந்தத் துணியை அவள் சாவியிலிருந்து எடுக்கவில்லை. மறுபடி எடுக்க எனக்கும் துணிவில்லை. எண்ணுவதற்காகத் தினமும் அலமாரியிடம் போகிறேன், சிவப்பாக அது ஆடுகிறது. கட்டிலிலிருந்து இறங்கும்போதே என் வலது கால் தானாக நொண்டுகிறது.